ஆவாரம்பட்டையும் பழைய பஞ்சாங்கமும்

என் வீட்டில் பஞ்சாங்கங்களுக்கு இரண்டு அலமாரிகள். கூடத்தில் உள்ளது தோல் கட்டுப் போட்டவற்றுக்கு. பூஜை அறையை ஒட்டி உள்ளது துணிக்கட்டும் வெறும் தாளட்டையும் போட்டவற்றுக்கு. இந்தப் பாகப்பிரிவினையைச் செய்தவள் அம்மா. "தோலை ஸ்வாமிகிட்டக் கொண்டு வராதேடி" என்றாள். அவள் காலத்துக்குப் பிறகும் நான் அதை மாற்றவில்லை. பழைய பஞ்சாங்கம் சேர்க்கிற எவருக்கும் முதல் பாடம் அதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக் கணக்குப் புத்தகம் இரண்டு வழியாக வீட்டுக்குள் வந்தது. ஒன்று, சித்திரை முதல் நாள் மஞ்சள் தடவிச் சாமி படத்தடியில் வைத்த பஞ்சாங்கம். மற்றொன்று, துரைமார் மேசைக்காக அச்சடித்துத் தோல் முதுகும் தங்க எழுத்துமாக வந்த அல்மனாக். முதலாவதற்குத் தோல் ஆகாது. இரண்டாவதற்குத் தோல்தான் கௌரவம். எது எவ்வளவு காலம் நின்றது, ஏன் நின்றது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்து வளர்ந்தது தில்லி சரோஜினி நகரில். 1950-களில் மத்திய அரசு ஊழியர்களுக்காக வினய் நகர் என்ற பெயரில் எழுந்து, பிறகு சரோஜினி நாயுடுவின் பெயரைப் பெற்ற குடியிருப்பு அது. அப்பா தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர். நானும் அரசு வேலைக்கே போனேன். கிழிந்த கோப்புத் தாளை ஒட்டுவது, பாரம் பிரிந்த பதிவேட்டை மறுபடி தைப்பது, அட்டை போனதற்கு அட்டை போடுவது: இவைதான் என் உத்தியோகம். தோல் சீவுவதையும் முதுகில் தங்கத் தகடு பதிப்பதையும் பழைய தில்லி ஜாமா மசூதிப் பக்கம் புத்தகம் கட்டிக்கொண்டிருந்த ஒரு முதிய ஜில்த்சாஸிடம் கற்றுக்கொண்டேன். அவரை எல்லோரும் உஸ்தாத் என்போம். புத்தகத்தை வாங்கியதும் அவர் முதலில் அட்டையைப் பார்க்க மாட்டார். நடுவில் விரித்துத் தையலைப் பார்ப்பார். பழம்புத்தகத்தை நான் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன்.

தோல் கட்டுப் போட்ட அல்மனாக்குகளைச் சேர்ப்பது ஐரோப்பாவில் நெடுநாளைய பழக்கம். இங்கிலாந்தில் 1603-இல் அரசர் முதலாம் ஜேம்ஸ் அளித்த உரிமையால் அல்மனாக் அச்சடிக்கும் ஏகபோகம் லண்டன் ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் கைக்கு வந்தது. தாமஸ் கார்னன் என்ற புத்தக வியாபாரி வழக்காடி 1775-இல் அதை உடைத்தார். 1711 முதல் 1834 வரை ஒவ்வொரு பிரதிக்கும் முத்திரை வரி வேறு. வரி கட்டி வாங்கிய புத்தகம் என்பதால் வசதியுள்ளவர்கள் அதற்கு ஆட்டுத்தோல் அட்டை போட்டு, பூவேலை செய்து, புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார்கள். கையடக்கமான குட்டி அல்மனாக்குகளின் கட்டுவேலை நகைவேலைக்கு நிகரானது. பிரான்சில் 1700-இல் தொடங்கிய அல்மனாக் ரோயால், அரசவைக்காரர்களுக்குச் சிவப்பு மொராக்கோத் தோலில் அவரவர் குலச்சின்னம் பொறித்துப் போனது. உள்ளே இருப்பவை அதிகாரிகளின் பட்டியலும் விடுமுறை நாளும்தான். இன்றைய ஏலங்களில் அவற்றுக்கு விலை கிடைப்பது பெரும்பாலும் அந்த அட்டைக்காக.

அந்தப் பழக்கம் சென்னைக்கும் வந்தது. எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ஆண் அனாதைகள் விடுதியை ஆண்ட்ரூ பெல் நடத்தினார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் அவர். அந்த விடுதியின் அச்சகம் வெளியிட்டதுதான் அசைலம் பிரஸ் அல்மனாக். சிவில் அதிகாரிகள், ராணுவத்தார், வியாபாரிகள், நகரவாசிகள் என்று சென்னை மாகாணமே அதன் பட்டியல்களில் அடங்கும். 19-ஆம் நூற்றாண்டுச் சென்னையில் யார் எந்தத் தெருவில் இருந்தார் என்று தேடுகிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். என்னிடம் உள்ள பிரதி தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடைபாதையில் கிடைத்தது. அரைத்தோல் கட்டு: முதுகும் மூலைகளும் தோல், மற்ற இடம் மார்பிள் காகிதம். எடுத்த கை சிவந்தது. தோலின் மேற்பரப்பு முழுவதும் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் தொழிலில் இதை ரெட் ராட் என்போம், தோலைப் பிடிக்கும் செந்தூள் நோய். அந்தத் தூளைத் தேடிப் போனால் வழி திண்டுக்கல்லுக்கும் திருச்சிக்கும் வந்து சேர்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சென்னை மாகாணத்தின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று பதனிட்ட தோல். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று ஊர் ஊராகத் தோல்ஷாப்புகள். சென்னையில் அதற்குப் பெரியமேட்டுச் சந்தை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப் போட்டு மயிர் நீக்கி, சவ்வு வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டுவைப்பார்கள். பிறகு கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முழுக்கு; கடைசியில் எண்ணெய். வெளிர்மஞ்சளாக, கைக்கு மெத்தென்று வரும் அந்தச் சரக்குக்கு உலகச் சந்தையில் ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. காட்டுமேட்டில் தானாக முளைத்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடிதான் இதற்கெல்லாம் ஆதாரம். லண்டனில் இந்தத் தோல் ஏலத்தில் போயிற்று. ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும் அங்கே பெர்சியன் என்ற பெயரில் விற்றன. மலிவாகவும் பார்வையாகவும் இருந்ததால் புத்தகம் கட்டுகிறவர்கள் ஏராளமாக வாங்கினார்கள்.

சில வருடங்களிலேயே நூலகர்கள் முறையிடத் தொடங்கினார்கள். 1900-இல் லண்டன் கலைச் சங்கம் கோபம் பிரபுவின் தலைமையில், புத்தகக் கட்டுக்கான தோலை ஆராய ஒரு குழு அமைத்தது. கட்டுவேலை நிபுணர் டக்ளஸ் காக்கரெலும் லீட்ஸ் நகரத் தோல் வேதியியலாளர் ஹென்றி புராக்டரும் அதில் இருந்தார்கள். 1901-இல் முதல் அறிக்கையும் 1905-இல் முழு அறிக்கையும் வந்தன. நூலகக் கட்டுக்கு மிகமிக மோசமானது என்று குழு குறித்தது ஆவாரம்பட்டையில் பதனிட்ட இந்த இந்தியத் தோலைத்தான். ஓராண்டுக்குள்ளேயே சிதைவு தெரிவதாகவும், வெயிலும் எரிவாயுப் புகையும் படும் அலமாரியில் ஐந்தாறு வருடத்துக்கு மேல் தாங்காது என்றும் அது முடிவு கூறியது.

காரணம் வேதியியலில் இருக்கிறது. தாவரங்களின் துவர்ப்புச் சத்து ஒரே வகை அல்ல. கடுக்காயிலும் ஐரோப்பியர்கள் பயன்படுத்திய சுமாக் இலையிலும் இருப்பது ஒரு வகை. ஆவாரம்பட்டையில் இருப்பது வேறொரு வகை. ஆவாரம்பட்டைச் சத்து ஏறிய தோல், காற்றில் உள்ள கந்தகப் புகையை எளிதில் இழுத்துக்கொள்ளும். அது தோலுக்குள்ளேயே கந்தக அமிலமாகி நாரை அறுக்கும். நார் அறுந்ததும் தோல் தூளாகும். லண்டன் நூலகங்கள் பலவற்றில் அன்று எரிந்தவை கேஸ் விளக்குகள். செருப்புக்கும் சேணத்துக்கும் குறையில்லாத தோல், புகை சூழ்ந்த புத்தக அலமாரியில் தோற்றது. இதில் வாணியம்பாடித் தொழிலாளிமீது எந்தப் பழியும் இல்லை. நூறு வருடம் நிற்க வேண்டிய புத்தகத்துக்கு மலிவான தோலைத் தேர்ந்தெடுத்த கட்டுக்காரர்மீதும், அந்த விலைக்கே கட்டச் சொன்னவர்மீதும்தான் பழி. என் கைக்கு வந்தவற்றில் கிராமத்து வீடுகளில் துணியில் சுற்றிக் கிடந்த தோல் கட்டுகள் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. தில்லிக் குளிர்காலப் புகையில் திறந்த அலமாரியில் நின்றவைதான் தூளாகின.

இனி இன்னொரு அலமாரிக்கு வருகிறேன். என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான்.

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்தையும் நாள்தோறும் சொல்வது பஞ்சாங்கம். தமிழ்நாட்டில் இந்தக் கணக்கின் பழைய வழி வாக்கியம். சந்திரனின் ஓட்டம் 248 நாளுக்கு ஒரு முறை ஏறக்குறைய அப்படியே திரும்புகிறது. அந்த 248 நாளுக்கும் ஒவ்வொரு சிறு வாக்கியம். எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு என்பதால் வாக்கியத்தைச் சொன்னால் சந்திரன் நிற்குமிடம் எண்ணாக வந்துவிடும். ஏடு வேண்டாம், எழுதுகோல் வேண்டாம், மனப்பாடம் போதும். வரருசி பெயரால் வழங்கும் இந்த முறையை விரித்துச் சொல்லும் வாக்கியகரணம் என்ற நூலைக் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து 1962-இல் சென்னையில் வெளியிட்டார்கள்.

இந்த மனக்கணக்கின் திறத்தை நேரில் கண்டு எழுதியவர்களில் இருவர் முக்கியமானவர்கள், இருவரும் வெளிநாட்டார். முதலாமவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி. வெள்ளி, சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்தார். 1769 ஜூனில் அந்த நாள் மேகம் மூடிவிட்டது. வந்த காரியம் கெட்டாலும், தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு போய்த் தம் நாட்டாருக்கு எழுதினார். இரண்டாமவர் ஜான் வாரன். 1825-இல் சென்னையில் அச்சான காலசங்கலிதம் அவர் நூல். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாய்பாட்டைக் கொண்டே 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். இந்தச் சோழிக் கணக்கை 20-ஆம் நூற்றாண்டில் உலகுக்கு எடுத்துக் காட்டியவர் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர். பாபிலோனியர் காலத்திலிருந்து வரும் கணித மரபின் உயிருள்ள சாட்சியாக அவர் அதைக் கண்டார்.

அச்சு வந்ததும் வாய்ப்பாடம் தாளுக்கு வந்தது. கூடவே சர்ச்சையும் வந்தது. கண்ணால் வானத்தில் காண்பதும் வாக்கியம் சொல்வதும் ஒத்துப்போக வேண்டாமா என்று கேட்டவர்களில் முக்கியமானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வுக் கூடத்தில் உதவியாளர். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானவர். பஞ்சாங்கத்தைக் கண்கூடான வானத்தோடு பொருத்த வேண்டும் என்று அவர் வாதாடினார்; அப்படிப் பொருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். அந்த வாதம் இன்றும் முடியவில்லை. சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. பதினொரு மாத வித்தியாசம். பாம்புப் பஞ்சாங்கம், ஆற்காடு பஞ்சாங்கம், ஸ்ரீரங்கம் பஞ்சாங்கம், யாழ்ப்பாணத்தில் கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணித மரபும் ஊர்ப்பற்றும் உண்டு. சேகரிக்கிறவர் ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது, கணித முறையையும் பார்க்க வேண்டும்.

ஓராண்டோடு காலாவதியாகும் புத்தகத்தை யார் வைத்துக்கொண்டார்கள்? தேவை இருந்தவர்கள். ஜோதிடருக்கு, முப்பது வருடம் முன்பு பிறந்தவரின் ஜாதகம் எழுத அந்த வருடத்துப் பஞ்சாங்கம் வேண்டும். வக்கீலுக்கு, ஜய வருஷம் ஆவணி மாதம் என்று மட்டும் எழுதிய அடமானப் பத்திரத்துக்கு ஆங்கிலத் தேதி வேண்டும். கர்ணத்துக்குக் கிஸ்தி நாள் தெரிய வேண்டும். புரோகிதருக்குத் திவசத் திதி தெரிய வேண்டும். இவர்கள்தான் பத்து வருடத்தை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வைத்தார்கள். கல்வெட்டாய்வாளர்களுக்கும் இதே தேவை எழுந்தது. கோயில் சுவரில் அரசரின் ஆட்சியாண்டும் கிழமையும் நட்சத்திரமும் இருக்கும். கிறிஸ்து ஆண்டு இருக்காது. அந்தக் குறையை நீக்கினார் திவான் பகதூர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. சென்னை மாகாண அரசு அதிகாரியான அவர் 1911-இல் இந்தியன் குரோனாலஜியையும், 1922-இல் கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி நட்சத்திரம் தரும் பெரும் தொகுதிகளையும் வெளியிட்டார். 1,100 வருடப் பஞ்சாங்கத்தை ஒரு தமிழர் முன்னின்று கணித்துக் கொடுத்திருக்கிறார். சோழர் கல்வெட்டுகளின் நாளைச் சரிபார்க்க அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் திறந்திருக்கிறார்கள். சேகரிப்பவர் ஒவ்வொருவரும் வணங்க வேண்டிய பெயர் அது.

பழைய பஞ்சாங்கத்துக்கு வயது சொல்வது தனிக் கலை. மேலட்டை போயிருந்தால் உள்ளே வருடத்தின் பெயர் மட்டும் இருக்கும். அது அறுபது வருடத்துக்கு ஒரு முறை திரும்பும். கலியுக எண்ணோ சாலிவாகன சக எண்ணோ இருந்தால் பிரச்சினை இல்லை. அதுவும் கிழிந்திருந்தால் கிரக நிலையைப் பார்க்க வேண்டும். குருவும் சனியும் உதவ மாட்டார்கள்: குரு ஏறக்குறைய 12 வருடத்திலும் சனி 30 வருடத்திலும் சுற்றி வருவதால் அறுபதாம் வருடத்தில் இருவரும் பழைய இடத்துப் பக்கம் வந்து நின்றுவிடுவார்கள். அறுபது வருடச் சுற்றுக்கு அடிப்படையே அதுதான். நான் பார்ப்பது ராகுவை. ராகுவின் சுற்று பதினெட்டரை வருடத்துக்குச் சற்று அதிகம். அறுபதில் சரியாக அடங்காது. 1958 விளம்பியிலும் 2018 விளம்பியிலும் குரு துலாத்தில்தான் தொடங்குகிறார். ஆனால் ராகு முன்னதில் துலாத்திலிருந்து கன்னிக்குப் போகிறார். பின்னதில் கடகத்தில் இருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும்.

பஞ்சாங்கக் கட்டு பெரும்பாலும் எளியது. பத்து இதழ்களை அடுக்கி, ஓரத்தில் தமரூசியால் துளை போட்டு, பக்கத்தையல் போட்டு, அட்டைக்குக் காடாத் துணி ஒட்டுவார்கள். மைதாப் பசையில் பூச்சிக்குப் பயந்து மயில்துத்தம் கலப்பார்கள். பக்கத்தையலில் ஒரு கெடுதல் உண்டு: உள்ளோரத்தில் அச்சான நாழிகைப் பத்தி தையலுக்குள் மறைந்துவிடும். உஸ்தாத் சொல்லிக்கொடுத்த ஜுஸ் தையலில், அதாவது ஒவ்வொரு பாரத்தையும் மடிப்பின் வழியாகத் தனித்தனியே தைப்பதில், புத்தகம் முழுதாக விரியும், ஓரெழுத்தும் மறையாது. வசதி படைத்த சில வக்கீல் வீட்டு, ஜமீன் வீட்டுப் பிரதிகள் முழுத்தோல் கட்டில் கிடைக்கின்றன. முதுகில் ஐந்து மேடு, தங்கத்தில் தமிழ் எண்ணில் வருடம். பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் எடை போட்டுச் சொல்கிறேன்: என் இரண்டு அலமாரிகளில் இன்று உறுதியாக நிற்பவை துணிக்கட்டுகள்தான். துணிக்குச் செந்தூள் நோய் வராது.

தில்லியில் உட்கார்ந்து தமிழ்ப் பஞ்சாங்கம் சேர்ப்பதற்கு வேறொரு பொருத்தமும் உண்டு. காலக் கணக்கைத் திருத்தும் முயற்சி இந்த ஊரில் இரண்டு முறை நடந்திருக்கிறது. 1724-இல் ராஜா ஜெய்சிங் இங்கே ஜந்தர் மந்தரை எழுப்பினார். கையில் இருந்த வாய்பாடுகள் வானத்தோடு ஒத்துவரவில்லை என்பதால் கல்லிலேயே பெருங்கருவிகளைக் கட்டி அளந்து, முகலாய அரசர் முகம்மது ஷாவின் பெயரில் புதிய வாய்பாடு செய்தார். இரண்டாவது முயற்சி சுதந்திர இந்தியாவினுடையது. நாடெங்கும் முப்பது வகை நாட்காட்டிகள் வழங்கியதால், 1952 நவம்பரில் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. நிர்மல் சந்திர லாகிரி அதன் செயலாளர். சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாளிலிருந்து நம் வருடப் பிறப்பு 23 நாள் விலகிவிட்டது என்று குழு காட்டியது. 1955-இல் அறிக்கை வந்தது. சாகா அது நடைமுறைக்கு வருவதைப் பார்க்கவில்லை. 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பில் காலமானார். 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாகத் தேசிய நாட்காட்டி அமலுக்கு வந்தது. அன்று முதல் ராஷ்டிரிய பஞ்சாங்கம் பல இந்திய மொழிகளில் வருகிறது. அரசிதழிலும் வானொலியிலும் இடம் பெற்ற அந்தத் தேதி எங்கள் காலனி வீடுகளில் நுழையவில்லை. சாமி படத்தடியில் ஊரிலிருந்து தபாலில் வந்த வாக்கியப் பஞ்சாங்கம்தான்.

ஊர்ப் பஞ்சாங்கத்தைத் தில்லியில் அப்படியே படிக்க முடியாது. அதில் திதியும் நட்சத்திரமும் சூரிய உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்று இருக்கும். தைப் பொங்கல் சமயம் சென்னையில் ஆறரை மணியை ஒட்டி உதயம், தில்லியில் ஏழேகால். அந்த நாற்பது நிமிடம் என்பது 1 நாழிகை 40 விநாழிகை. அதைக் கழித்துத்தான் திதி முடிவைச் சொல்ல வேண்டும். ஆனி மாதத்தில் கணக்கு தலைகீழ்: தில்லியில் முன்னதாகவே விடிந்துவிடும். சென்னையில் பகற்பொழுது 28 முதல் 32 நாழிகைக்குள் அடங்கும். தில்லியிலோ மார்கழியில் 26-க்குள் சுருங்கி, ஆனியில் 35-ஐத் தொடும். ராகுகாலம் பகலின் எட்டில் ஒரு பங்கு என்பதால் அதுவும் நீளும், குறுகும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் திருத்தத்தைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைப்பார். பிள்ளையார் கோயிலில் சந்திக்கும் மாமாக்கள் "இந்தத் தடவை ஏகாதசி என்றைக்கு ஓய்?" என்று அவரிடம்தான் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டாமல் அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தபோது சரோஜினி நகர் வரிசை வரிசையாகக் காலியாயிற்று. குடும்பங்கள் துவாரகாவுக்கும் நொய்டாவுக்கும் போயின. சிலர் சென்னைக்கே திரும்பினார்கள். அறுபது வருடம் பரணில் கிடந்த காகிதம், பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரின் தராசுக்குப் போயிற்று. ஒரு கபாடிக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். "பெஹன்ஜி, உங்கள் மதராஸி எழுத்து வந்திருக்கிறது" என்று அவர் கூப்பிட்டுக் கொடுத்தவற்றில் என் சேகரிப்பின் தலையாய தொகுதியும் ஒன்று. விஜய முதல் சுபகிருது வரை, அதாவது 1953 முதல் 1963 வரை, பத்து வருடப் பஞ்சாங்கம். கறுத்த ஆட்டுத்தோல் முதுகு, காலிக்கோ அட்டை, ஜுஸ் தையல். சொந்தக்காரர் யாரென்று தெரியாது. ஓரங்களில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை இருக்கிறது: குவார்ட்டர்ஸ் கிடைத்த நாள், கரி மூட்டை விலை, பெண் குழந்தை பிறந்த நாழிகை, ஊரில் தாயார் இறந்த திதி. பிலவ வருஷம் தை மாதப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மை. 1962 பிப்ரவரி தொடக்கத்தில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடின. உலகம் அழியும் என்று நாடே நடுங்கி யாகம் வளர்த்த நாட்கள் அவை. அந்த மனிதர் எழுதியிருப்பது ஒரே வரி: ஆபீஸ் உண்டு, எல்லோரும் சௌக்கியம்.

அந்த ஒரு வரிக்காகவே நான் இந்தச் சேகரிப்பை வைத்திருக்கிறேன். சரித்திரப் புத்தகம் அஷ்டகிரகச் சேர்க்கையைப் பீதி என்று எழுதும். அந்தப் பீதிக்கு நடுவே ஒரு குமாஸ்தா பஸ் ஏறி ஆபீசுக்குப் போனதைப் பஞ்சாங்கத்தின் ஓரம்தான் சொல்லும். தங்கப் பூவேலைக்காக அல்மனாக் சேர்ப்பவர்களின் ரசனையை நான் மதிக்கிறேன்; நானும் அந்தத் தொழிலைக் கற்றவள். ஆனால் தோல் ஒரு காவல். காக்கப்படும் பொருள் உள்ளே இருக்கிறது. பார்வையான தோல் கூடத் தூளாகும் என்பதை நம் ஊர் ஆவாரம்பட்டையே உலகுக்குக் காட்டிவிட்டது. பழைய பஞ்சாங்கத்தைக் காப்பாற்றியவை தேவையும் அக்கறையும்தான்.

ஆகவே வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பஞ்சாங்கம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். தோல் அட்டை செந்தூளாக உதிர்ந்தால் தேங்காய் எண்ணெய், வாசலின், ஷூ பாலிஷ் எதையும் தடவாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, துவைத்துக் காயவைத்த மல்துணியில் சுற்றி, மூடிய பெட்டியில் வையுங்கள். மிகவும் மோசமானால், ஆல்கஹாலில் கரைத்த க்ளூசெல் என்ற, தூளைப் பிடித்து நிறுத்தும் பூச்சைப் போடத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். புதிதாக பைண்டிங் செய்யக் கொடுத்தால் ஓரத்தை வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். தாத்தாவின் கையெழுத்து அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் நூலகத்துக்குக் கொடுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் பழைய காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்த்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கொடுக்கும்போது உங்கள் குடும்பத்தின் ஊரையும், அந்தப் பஞ்சாங்கம் எந்த ஊரில் பயன்பட்டது என்பதையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அந்தத் தாள் இல்லாத பஞ்சாங்கத்துக்குப் பாதி மதிப்புத்தான்.